எல்லாருக்கும் பதினைந்து வயது

2004ஆம் ஆண்டு ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மேகம் இருந்தது, மழை இல்லை. ஆனி கடைசியில் வீசுகிற மேல்காற்று சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் ஒரு தெருப் புழுதியை வாரி, நான் அன்றுதான் வெளுத்துக் கட்டியிருந்த வேட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

காரிலிருந்து இறங்கியவர் எங்கள் கல்லூரி உதவித்தொகைக் குழுவின் தலைவர். பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் நடத்துகிற குடும்பம். சிவகாசியில் அவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். பணம் முழுவதும் அவர்கள் வீட்டுப் பணம். அது எப்படிச் செலவாகிறது என்று நேரில் பார்க்க வந்திருந்தார். வேப்பமரத்தடியில் பத்தொன்பது பிள்ளைகள் சிலேட்டும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த சிறுமியிடம் அவர் குனிந்து, "உனக்கு என்ன வயசு தாயி?" என்று கேட்டார்.

அவளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "பதினஞ்சு" என்றாள்.

அண்ணாச்சி சிரித்தார். அடுத்தவனைக் கேட்டார். அவனும் பதினைந்து. அதற்கடுத்த இரண்டு பெண்களும் பதினைந்து. இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்திருந்த ஒரு பையன் கேட்காமலே, "எனக்குப் பதினஞ்சு, இவனுக்கும் பதினஞ்சு" என்றான். தம்பி விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பதினான்கு வயது முடியாத பிள்ளையைப் பட்டாசு, தீப்பெட்டி வேலையில் வைக்கக் கூடாது என்பது சட்டம். கம்பெனிகளில் அநேகமாக அது நின்றுவிட்டது. ஆனால் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுகிற வேலையை ஒப்பந்தக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கம்பெனி வேலை முடிந்து வந்து வீட்டில் தாய் உருட்டினால் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டும். வெள்ளைக் காரில் வருகிறவர் லேபர் ஆபீசராகத்தான் இருப்பார். ஆகவே, கார் வந்தால் பதினைந்து. பால்குடி மறந்த நாளிலிருந்தே பிள்ளைகளுக்கு இது பாடம்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பொறுப்பாக இருந்தவள் எங்கள் உதவித்தொகை மாணவி. விருதுநகரில் பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்து மூன்றாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். தாய் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவர், தகப்பன் இல்லை. திட்டம் இதுதான்: கல்லூரிக் கட்டணமும் விடுதியும் முழுதாக உண்டு. பதிலுக்கு மாணவர்கள் வாரம் நான்கு மணி நேரம் ஒரு தெருவைத் தங்கள் தெருவாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குத் துணையாகப் படிக்க வேண்டும். அந்தத் தெருவுக்கு வேண்டிய பொது வேலை ஒன்றையாவது தெருக்காரர்களைச் சேர்த்தே நடத்திக் காட்ட வேண்டும். இதனால் மாணவர்களிடம் தலைமைப் பண்பு வளரும் என்று அறிக்கையில் போட்டிருந்தது.

தலைமைப் பண்பு என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். தாளின் அடியில் போடுகிற பொன்மொழிகளில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்று விருதுநகரில் இருந்த என்னை, பழைய மாணவன், கணக்குப் பிசகாதவன் என்று சொல்லி, மாணவர்கள் நான்கு மணி நேரம் முழுதாக இருக்கிறார்களா என்று பார்த்து எழுதக் கல்லூரியில் கேட்டுக்கொண்டார்கள். சம்பளம் இல்லை. பஸ் காசும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மாணவி ஒரு வருஷத்துக்கு முன் முதல் ஞாயிறு அங்கே போனபோது தெருவில் ஒரு பிள்ளைகூட இல்லை. பேர் எழுத யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து ஓடைப் பக்கம் விரட்டிவிட்டிருந்தார்கள். இவள் திரும்பிப் போகவில்லை. வாசலில் குழாய் உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை எடுத்துத் தானும் உருட்ட ஆரம்பித்தாள். சின்ன வயதில் பழகிய கை. "ஏ புள்ள, உருட்டத் தெரியுதே, நீ எந்தக் கம்பெனி?" என்று வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. நான் என் குறிப்பில் அந்த நான்கு மணி நேரத்தைச் சேர்ப்பதா, கழிப்பதா என்று இரண்டு நாள் குழம்பினேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய் விவகாரம் வந்தது. பஞ்சாயத்து ஆபீசுக்குத் தெருப்பெண்கள் ஏழு பேர் போனார்கள். நானும் போயிருந்தேன். இவள் கடைசியில் சுவரோரம் நின்றாள். வாயையே திறக்கவில்லை. அந்தப் பெண்கள் முதலில் இவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவள் தன் செருப்பைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர்களே பேசினார்கள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்துவதுதான் பஞ்சாயத்துக்காரருக்குப் பாடாகப் போயிற்று. பத்தாம் நாள் குழாய் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, "நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே" என்றேன். "நான் பேசினா நான் போன பெறகு யாரு சார் பேசுவா?" என்றாள். அன்றைக்குத்தான் தலைமைப் பண்பு என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த எரிச்சல் சற்றுக் குறைந்தது.

ஒன்றில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் கொடுக்கிற அறிக்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர், வகுப்பு, வயது என்று மூன்று கட்டம் உண்டு. வயதுக் கட்டத்தை ஒரு வருஷமாகக் காலியாகவே விட்டிருந்தாள். காலிக் கட்டம் என்றால் எனக்குப் பல்லில் கல் பட்ட மாதிரி. கேட்டால், "பொய்ய எழுத மாட்டேன் சார். நெசத்த அவுக சொல்லாம எழுதவும் மாட்டேன்" என்பாள்.

இப்போது அண்ணாச்சி அந்தக் கட்டத்துக்கே வந்துவிட்டார்.

"இந்தத் திட்டம் பதினாலுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு. இவுக சொல்லுதபடி பாத்தா இங்கன ஒரு பிள்ளைகூட இல்ல" என்றார் அவளிடம். "இல்ல, பிள்ளைக பொய் சொல்லுதாகன்னா, ஒரு வருசமா நீ என்னத்தச் சொல்லிக் குடுத்தே?"

"அது நான் வாறதுக்கு முன்னாலயே படிச்ச பாடம் அண்ணாச்சி."

"சரி. உனக்குத் தெரியுமுல்லா? பாத்தாலே தெரியுதே. நீயே எட்டு, ஒம்பதுன்னு எழுதிக் குடுத்துரு. முடிஞ்சது."

"நான் எழுதினா, நாளைக்கு லேபர் ஆபீசர் கையில அந்தத் தாளு போயிட்டா, இந்த அக்காமாரு என்னைய நம்பிப் பிள்ளைய அனுப்ப மாட்டாக."

அண்ணாச்சி கோபக்காரர் இல்லை. ஆனால் கணக்கு வேண்டும் என்பவர். அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். ஆடிப்பெருக்கு முடிந்து, சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பங்கள் வெளியாகிற பரபரப்பு அடங்கியதும் குழு கூடும், அதற்குள் வயது வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் ஆண்டுப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் கிளம்பியதும் அந்தப் பல்லில்லாத சிறுமி, "டீச்சர், சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாள். இவள் அவள் தலையைத் தடவிவிட்டாள்.

எனக்கு அந்த வாரம் முழுக்க அதே கணக்குத்தான். பணம் நின்றால் அவளால் விடுதிக் கட்டணம் கட்ட முடியாது. படிப்பு நின்றுவிடும். ஒரு வருஷம்தான் பாக்கி. கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது ஆடி பிறந்திருந்தது. பெண்கள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுமியின் தாய்தான் தெருவில் குரல் பெரிதான ஆள். தண்ணீர்க் குழாய்க்கு முதலில் வாய் திறந்தவளும் அவள்தான். "அர்ச்சனைக்குப் பேரு, நச்சத்திரம்னு கேக்காக. எங்களுக்கு எங்கன தெரியும்? பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு போனாலும் சாமி பேருக்கே பண்ணுங்கன்னுட்டு வந்துருதோம். சாமிக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

இவள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சார், பழைய காலண்டரு உங்க வீட்ல இருக்குன்னீகளே?" என்று கேட்டாள்.

இருந்தன. ஒவ்வொரு வருஷமும் அச்சகத்தில் கோப்புக்கென்று எடுத்து வைக்கிற பிரதியில் எனக்கொன்று கிடைக்கும். தாள் கிழியாமல் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு தாளிலும் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், அது எத்தனை மணி வரை என்பது வரைக்கும் உண்டு. நான் பார்த்துத் திருத்தியது. நட்சத்திரத்தில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். தப்பான நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தால் அது யாருக்கோ போய்ச் சேரும். நாளைக்குக் கல்யாணப் பொருத்தம் பார்க்கும்போதும் வினையாகும். வயது கேட்டால் பதினைந்து என்பவர்கள், பிறந்த நாளைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். இந்தப் பெண்ணுக்கு இருக்கிற மூளையைப் பார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் அறியாமலே கட்டங்கள் நிரம்பிவிடும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு, ஒன்பது வருஷத்துக் காலண்டர்களை இரண்டு பைகளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒருவர் பையின் மேல் காலை வைத்தார். சிவகாசியிலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. வேப்பமரத்தடியில் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தலை சீவிப் பொட்டு வைத்துக் கோயிலுக்கு வந்தது போல இருந்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் ஆளைக் கூப்பிடப் போனேன்.

இவள் எழுந்து முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு முன்னாலயே சொல்லிருதேன். சார் நச்சத்திரம் பாக்கணும்னா நீங்க வருசம் சொல்லணும். வருசம் தெரிஞ்சா வயசு தெரிஞ்சிரும். அந்த வயசத்தான் எங்க காலேஜுல கேக்காக. நீங்க சரின்னா எழுதுவேன். வேண்டாம்னா நச்சத்திரத்த மட்டும் வாங்கிக்கோங்க, நான் கட்டத்தக் காலியாவே குடுத்துருவேன்."

என் கையிலிருந்த காலண்டர் மடியில் விழுந்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். ஒரு பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேவிட்டாள். காற்று காலண்டர் தாள்களைப் படபடவென்று புரட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய குரல்காரி கேட்டாள். "காலியாக் குடுத்தா உனக்கு என்ன ஆகும்?"

"பணம் நின்னுரும்."

"நின்னா?"

"படிப்பு நின்னுரும். எங்கம்மா கூட நானும் வேன்ல ஏறிருவேன். வேற என்ன செய்ய?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "வேன்ல ஏறுவாளாம்ல! நாங்களே ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து போறோம். அந்த வேன்ல ஒனக்கு எடமில்ல தாயி" என்றாள். தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து எனக்கு முன்னால் நிறுத்தினாள். "ஐயா, இவளுக்கு எட்டு. தீபாவளி முடிஞ்சு கம்பெனி தெறந்த மறுநாளு, செவ்வாக்கெளம. நச்சத்திரத்தப் பாருங்க. ஏ புள்ள, நீ எழுதிக்கோ."

எழுந்து நின்ற பெண் உட்கார்ந்தாள். "அப்ப அஞ்சு வருசமா பதினஞ்சுலயே நிக்கானே எம் மகன், அவன் என்ன வயசுக்கு எறங்கப் போறானோ" என்றாள். அதன் பிறகு சிரிப்புத்தான்.

நட்சத்திரம் சில நாள் பாதியில் மாறும். ஆகவே பிறந்த நேரமும் வேண்டும் என்றேன். கடிகாரம் பார்த்துப் பெற்றவர்கள் யாரும் இல்லை. "கம்பெனி வேன் வாறதுக்கு முன்னயா, பின்னயா?" என்று இவள் கேட்டாள். உடனே பதில் வந்தது. வேன் ஆறு மணிக்கு வரும். ஒருத்தி, "நான் ஏறப் போனேன், வலி எடுத்துருச்சு, டிரைவரு இறக்கிவிட்டுட்டாரு" என்றாள். ஆறு மணி என்று எழுதிக்கொண்டேன். பத்தொன்பதில் பதினேழு பிள்ளைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் வருஷம் தெரிந்தது, நாள் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தி, அந்தத் தாளையே கிழித்துத் தர முடியுமா என்று கேட்டாள். வருஷக்கணக்காக ஒரு தாள்கூடக் கிழியாமல் வைத்திருந்த கோப்பு. மறுக்க வாயைத் திறந்தேன். பல்லில்லாத சிறுமி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பதினேழு தாள் கிழித்துக் கொடுத்தேன்.

குழுக் கூட்டம் ஒரு புதன்கிழமை கல்லூரியில் நடந்தது. அண்ணாச்சி அறிக்கையைப் பார்த்தார். எட்டு, பத்து, ஒன்பது, பன்னிரண்டு என்று கட்டங்கள் நிறைந்திருந்தன. "முந்தி எல்லாத்துக்கும் பதினஞ்சு. இப்ப நான் பணம் நிக்கும்னதும் எட்டு ஒம்பதா? இத நீயா எழுதலன்னு நான் எப்படி நம்ப?" என்றார். நியாயமான கேள்வி. நான் சாட்சி சொல்ல எழுந்தேன். தொண்டையைச் சரி செய்வதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

விஸ்வநத்தத்துப் பெண்கள் ஐந்து பேர். தீபாவளி சீசன் நாளில், வேலைக்குப் போகாமல், வேன் பிடித்து வந்திருந்தார்கள். யார் வரச் சொன்னது என்று எங்கள் மாணவியைப் பார்த்தேன். அவள் முகத்திலும் அதே கேள்வி இருந்தது.

"அண்ணாச்சி, அந்த வயசு நாங்க சொன்னது" என்றாள் பெரிய குரல்காரி. "பதினஞ்சுன்னதும் நாங்கதான். அந்தப் பிள்ள மேல ஒண்ணுமில்ல."

"ஏன் பொய் சொன்னீக?"

"நெசத்தச் சொன்னா குளாய் வேலைய நிப்பாட்டிருவாகளே. எட்டு வயசுப் பிள்ள உருட்டுன குளாயும் சேந்துதான் உங்க கம்பெனிக்கு லோடு வருது. உங்களுக்குத் தெரியாதா?"

கல்லூரி முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இதோடு உதவித்தொகைத் திட்டமே போயிற்று என்று நினைத்தேன்.

"ஒப்பந்தக்காரர்கிட்ட நான் பேசுதேன். பிள்ளைக கை படக் கூடாது" என்றார்.

"பேசுங்க. கூலியையும் சேத்துப் பேசுங்க. பிள்ளைக கை நின்னா அப்புறம் எங்க ரெண்டு கைதான்."

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "இப்படிப் பேச இந்தப் பிள்ளதான் சொல்லிக் குடுத்துச்சா?"

"அது எங்க பேசுது! அது வாயத் தெறக்கலன்னுதான் நாங்க பேச வேண்டியதாப் போச்சு."

எங்கள் மாணவி சுவரோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுவரை சிவந்திருந்தது. அண்ணாச்சி அறிக்கையை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் ஆண்டு முழுப் பணமும் உண்டு. கூலியைப் பற்றி அவர் பேசினார் என்பது உண்மை. குரோசுக்கு, அதாவது நூற்று நாற்பத்து நான்கு குழாய்க்கு, கொஞ்சம் ஏறியது. பெண்கள் கேட்ட அளவுக்கு ஏறவில்லை. பிள்ளைகளின் கை எல்லா வீட்டிலும் நின்றுவிட்டது என்று நான் எழுத மாட்டேன். சில வீடுகளில் நின்றது. அவள் படித்து முடித்தாள்.

வெளியே வந்தபோது வேன் டிரைவர் வாடகைப் பணத்துக்கு நின்றுகொண்டிருந்தார். பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முந்தானையில் முடிந்து வைத்திருந்த சில்லறையை அவிழ்த்தார்கள். அங்கே சட்டைப்பை உள்ள ஒரே ஆள் நான்தான். டிரைவர் அந்தப் பையையே பார்த்தார். நான் கொடுத்தேன். அவர்களுடைய ஒரு நாள் கூலியையும் கொடுக்கப் போனேன். "வச்சுக்கோங்க ஐயா, வேட்டி வெளுக்க ஆகும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்கள். அதனால் அது கணக்கில் வராது. அந்த மூன்று ஞாயிறும் போய்வந்த பஸ் ஐம்பத்தொன்று, காலண்டர் தூக்கிய ஆட்டோ போக வர எழுபது, வேன் நானூற்று ஐம்பது, கல்லூரி வாசலில் எல்லாருக்கும் டீயும் வடையும் நாற்பத்திரண்டு. ஆக என் கைக்காசு அறுநூற்றுப் பதின்மூன்று ரூபாய்.